மவ்ரா அழும் வீடு

ஸவேலி, வதீம் ஷெலெஸ்தோவிடம் வேலை கேட்டுப் போன அன்று தாயிஸ்யா தன் கடை வாசலில் நின்று சேற்றில் காறித் துப்பினாள்.

“பெத்தவளத் தொரத்தினவன்கிட்டயே கூலிக்குப் போறான் பாரு. இவன விட என் கோழிக்கு ரோஷம் அதிகம்.”

“பசி இருக்கும்ல,” என்றேன்.

“பசிச்சா வோல்கா ஆத்தக் குடிக்கட்டும்.”

ஊரில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஸவேலி தச்சன். ஐம்பதைத் தாண்டியவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இடது கையில் ஒரு விரல் பாதிதான். எங்கள் ஊரில் குடிக்காத ஆண்கள் இரண்டு பேர். ஒருவர் பாதிரியார், அவரும் பண்டிகைக்குக் குடிப்பார். மற்றவன் ஸவேலி.

அவன் தாய் மவ்ராவின் வீடு படகுத்துறைக்கு மேலே முதல் வீடு. கோடையில் பயணக் கப்பல்கள் அங்கேதான் நிற்கும். இறங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அவளுடைய மூன்று சன்னல்களை. சன்னல் சட்டங்களில் மீன்வால் பெண்களைச் செதுக்கியிருந்தது. எல்லோரும் படம் எடுப்பார்கள். மவ்ரா உள்ளேயிருந்து திரையை இழுத்துவிடுவாள்.

ஷெலெஸ்தோவும் எங்கள் ஊர்க்காரன்தான். கூட்டுப்பண்ணைத் தலைவரின் மகன். ஊரில் இருந்த ஒரே செங்கல் வீட்டில் வளர்ந்தவன். பள்ளியில் ஸவேலிக்குப் பக்கத்து பெஞ்சு; அன்றிலிருந்தே ஒருவருக்கொருவர் ஸாவா, வாதிக். நகரத்துக்குப் போய்ப் பல தொழில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, ஊரையே காட்சியாக்கினான். கோடையில் கப்பல் ஆட்கள், குளிரில் பேருந்து ஆட்கள். மாஸ்லெனித்ஸா வாரத்தில்தான் கூட்டம் அதிகம். நோன்பு தொடங்குமுன் வெண்ணெயும் பாலும் தீருமட்டும் தின்று, ஆடி, கடைசி நாள் வைக்கோல் பொம்மையை எரித்துக் குளிரை அனுப்பிவைக்கும் வாரம். மாஸ்கோவிலிருந்துகூட வருவார்கள். நாங்கள் எல்லோரும் அவன் ஆட்கள். நான் அக்கார்டியன் வாசிப்பேன். தாயிஸ்யா கடையைப் பூட்டிவிட்டு, மெல்லிய தோசைபோன்ற பிளினி சுடுவாள். பேருந்துச் சத்தம் கேட்டதும் ஜீன்ஸுக்கு மேலே சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் பாட்டன்களாகிவிடுவோம்.

மவ்ராவின் வீட்டை அவன் ‘குடியானவர் இல்லம்’ ஆக்கினான். கூரையைச் செப்பனிட்டுத் திருப்பித் தருவதாகச் சொல்லி அவளை மாவட்ட நகரத்தில் ஒரு நாலாவது மாடிக்கு அனுப்பினான். ஸவேலி அப்போது வடக்கே மரம் வெட்டும் முகாமில் வேலைக்கு இருந்தான். கூரை சரியானது. சாவி திரும்பவில்லை.

அந்த ஆண்டு மாஸ்லெனித்ஸாவுக்கு மவ்ரா ஊர்ப் பேருந்தில் வந்தாள். நேராகத் தன் வீட்டுக்குள் போனாள். உள்ளே குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவளுடைய கட்டில், அவள் பின்னிய விரிப்பு, அவள் தேநீர் கொதிக்கவைத்த சமோவார், சுவரோடு பெரிய கணப்படுப்பு. விளக்கம் சொல்லும் பெண் நகரத்துக்காரி. அவளுக்கு மவ்ராவைத் தெரியாது.

“பெரியம்மா, கயித்துக்கு இந்தப் பக்கம் நில்லுங்க.”

“அடுப்பத் தொட்டுப் பாக்கணும். சூடு இருக்கான்னு.”

“அது எரியாதுங்க. காட்சிக்கு.”

மவ்ரா குனிந்து கயிற்றைத் தாண்டி அடுப்பில் உள்ளங்கையை வைத்தாள். ஷெலெஸ்தோவ் வந்தான். பார்வையாளர்கள் இருந்ததால் சிரித்துக்கொண்டே வந்தான். அவள் முழங்கையைப் பிடித்து, “எங்க ஊரு கெழவிங்க கொஞ்சம் குறும்பு, மன்னிக்கணும்,” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளை வாசல்வரை நடத்திக்கொண்டு போய் வெளியே விட்டுக் கதவைச் சாத்தினான். அவள் படியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பேருந்து நிற்கும் இடத்துக்குப் போனாள்.

ஆற்றுப் பனி உடைவதற்கு முன்பே அந்த நாலாவது மாடியில் இறந்துபோனாள்.

ஸவேலி அடக்கத்துக்கு வந்தான். மண் உறைந்திருந்தது. மேலே தீ மூட்டி இளக்கித்தான் குழி வெட்டினோம். தீ எரியும்போது அவன் என்னிடம் எல்லாவற்றையும் கேட்டான். கயிறு, அடுப்பு, சிரிப்பு. நான் பார்த்ததைச் சொன்னேன்.

“முழங்கையப் பிடிச்சானா, குஸ்மிச்?”

“பிடிச்சான்.”

“எந்தக் கை?”

“வலது.”

“அவளுக்கு அந்த முழங்கைதான் வலிக்கும்,” என்றான். அவ்வளவுதான். வசந்தத்தில் போய் ஷெலெஸ்தோவிடம் வேலை கேட்டான்.

ஷெலெஸ்தோவ் முதலில் பயந்தான். ஸவேலி கையில் கோடாலி இருக்கும்போது எதிரில் வரமாட்டான். ஆனால் ஸவேலி குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தான். ஊஞ்சல் கட்டினான், மேடை போட்டான், மாஸ்லெனித்ஸாவுக்கு நட்டு வழுக்க வழுக்கத் தண்ணீர் ஊற்றி ஏறவிடும் கம்பத்தைச் செதுக்கினான். ஒரு வருஷம் போனது. இன்னொன்றும் போனது. ஷெலெஸ்தோவ் அவன் தோளில் கைபோட ஆரம்பித்தான்.

பிறகு அவன் தனக்கு வீடு கட்ட நினைத்தான். மேட்டின் உச்சியில், ஆற்றைப் பார்த்து, இரண்டு தளம், முழுக்க உருட்டு மரம். கீழே விருந்தினர் அறைகள், மேலே அவனும் மனைவி எல்வீராவும்.

“நீதான் கட்டணும், ஸாவா. உன்ன விட்டா யாரு?”

“கட்டறேன்,” என்றான் ஸவேலி.

எங்கள் பக்கத்தில் முகட்டுக் கட்டை ஏற்றும் நாளில் வீட்டுக்காரன் தச்சர்களுக்கு விருந்து வைக்கவேண்டும். ஷெலெஸ்தோவ் குறை வைக்கவில்லை. ஆட்டுக்கறி, மீன், வோட்கா. தனக்கும் மனைவிக்கும் ஷாம்பேன். மற்ற இரண்டு தச்சர்களும் தின்று தீர்த்தார்கள். ஸவேலி ஒரு ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“டேய் ஸாவா, பழசெல்லாம் போச்சுல்ல?”

“போகுது, வாதிக். போகுது.”

“அப்ப சாப்பிடுடா.”

“வயிறு சரியில்ல.”

ரொட்டியை வெளியே கொண்டுபோய் நாய்க்குப் போட்டான். நான் பார்த்தேன், மற்ற இரண்டு தச்சர்களும் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டுக்காரனின் உப்பைத் தின்ற தச்சன் அந்த வீட்டுக்குக் கெடுதல் செய்யமாட்டான். தின்னாதவனுக்கு அந்தக் கட்டு இல்லை. மரவீட்டில் பிறந்த எவனுக்கும் இது தெரியும். ஷெலெஸ்தோவ் செங்கல் வீட்டில் பிறந்தவன்.

இலையுதிர் காலத்தில் ஆற்றிலிருந்து முதல் பெரிய காற்று எழுந்தபோது வீடு அழுதது.

முதலில் கன்றைத் தேடும் பசுபோல அடித்தொண்டையில். பிறகு ஏறும். ஏறி ஏறி ஒரு பெண்குரலாகும். நிற்கும். மூச்சு வாங்குவதுபோல இடைவெளி விட்டு மறுபடி தொடங்கும். ஊரின் கடைசி வீடுவரை கேட்டது. எல்வீரா பத்து நாள் தாங்கினாள். பிறகு நகரத்தில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. பாதிரியார் வந்து அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். அன்றும் காற்று அடித்தது. தீர்த்தச் செம்பைப் பிடித்தபடி அவரே வேகமாகப் படியிறங்கி வந்ததைப் பார்த்தோம். ஷெலெஸ்தோவ் விளக்கை அணைக்காமல் படுத்தான். கண்ணுக்குக் கீழே கறுத்தது. பேசும்போது பாதியில் நிறுத்தி மேட்டைப் பார்ப்பான்.

“மவ்ராதான்,” என்றாள் தாயிஸ்யா கடையில், சிலுவை போட்டுக்கொண்டு. “குரலக் கேட்டாத் தெரியல?”

தீப்பெட்டி வாங்க வந்த ஸவேலி பக்கத்தில் நின்றான். அடக்கத்துக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். தாயிஸ்யா அவனைப் பார்த்தாள். அடுப்பிலிருந்து முட்டைக்கோஸ் வைத்த பன் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் கோழியைப் பற்றிப் பேசியதில்லை.

காற்றடிக்கும் நாளெல்லாம் ஸவேலி மேட்டுக்கு அடியில் போய் நிற்பான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வான். தேவாலயத்தில் நிற்பதுபோல நின்று கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான்.

சனிக்கிழமை நீராவிக் குளியலறையில் நானும் அவனும் மட்டும் இருந்தோம்.

“எத்தன பாட்டில்?” என்றேன்.

“எதக் கேக்கற?”

“எங்கப்பனும் தச்சன்தான்டா.”

அவன் சூடான கல்லில் தண்ணீர் ஊற்றினான். ஆவி எழுந்தது.

“அஞ்சு. முகப்புப் பலகைக்குப் பின்னாடி. அடிய அறுத்துட்டுக் கழுத்த ஆத்துப் பக்கம் வச்சிருக்கேன், காத்து பூந்தா ஊதும். அவனே குடிச்ச ஷாம்பேன். நல்ல கண்ணாடி.”

“போதும்டா. பொண்டாட்டியும் போயிட்டா.”

“எங்கம்மா செத்துட்டா.”

“என்னதான் வேணும் உனக்கு?”

“அவன் சாகவேணாம், குஸ்மிச். தூங்கக்கூடாது. அவளுக்கு என்ன செஞ்சேன்னு அவன் வாயால ஊருக்கு முன்னாடி சொல்லணும். சொல்றவரைக்கும் தூங்கக்கூடாது.”

அப்படியே நடந்திருக்கும். ஷெலெஸ்தோவ் அந்தக் குளிர் முழுக்கத் தாங்கியிருக்கமாட்டான். வீட்டை விற்கப் பேசிக்கொண்டிருந்தான். ஆனால் புது வருஷத்துக்கு பீட்டர்ஸ்பர்கிலிருந்து ஒரு குடும்பம் வந்து கீழே தங்கியது. அன்று நல்ல காற்று. காலையில் அந்தம்மாள் வெளுத்த முகத்தோடு வெளியே வந்தாள். ஷெலெஸ்தோவ் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். அவள் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“இந்த மாதிரி எங்கயும் கேட்டதில்ல! யாருங்க அது அழறது?”

ஷெலெஸ்தோவ் அவளையே பார்த்தான். பிறகு சொன்னான்: “மவ்ரான்னு ஒருத்தி.”

மூன்று வாரத்தில் படகுத்துறையிலிருந்து மேடுவரை பலகைகள் வந்துவிட்டன. ‘மவ்ரா அழும் வீடு’. கதையும் தயாரானது. மவ்ரா என்ற ஏழை விதவை. ஒரே மகன். அவன் காசுக்காகத் தாயை விட்டு வடக்கே போய், அவளை மறந்துவிடுகிறான். அவள் இந்த மேட்டில் நின்று ஆற்றைப் பார்த்துப் பார்த்துச் செத்துப்போகிறாள். இன்றும் மகனைத் தேடி அழுகிறாள். கதை சொல்லும்போது நான் பின்னால் மெதுவாக வாசிக்கவேண்டும் என்று உத்தரவு. அறைகள் நிரம்பின. காற்று இல்லாத நாளில் வந்தவர்கள் இன்னொரு நாள் தங்கினார்கள்.

ஷெலெஸ்தோவ் தூங்க ஆரம்பித்தான். நாலு பேரோடு நின்று கேட்டால் பேயின் குரலும் கச்சேரிதான். கன்னம் பூரித்தது. என்னிடம் ஒருமுறை, “கெழவி இப்ப நமக்காக உழைக்கறா,” என்றான்.

ஸவேலி ஒரு நாள் அவனைத் தேடி வந்தான். நான் கூடத்தில் அக்கார்டியன் பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

“அந்தப் பேர எடு, வாதிக்.”

“எந்தப் பேரு?”

“எங்கம்மா பேரு.”

“டேய், மாஸ்கோவுல அவ பேரு தெரியுதுடா இப்ப. கைக்குட்டைய எடுத்துக்கிட்டு அழறாங்கடா அவளுக்காக. நீ அழுதியா?”

“மகன் அவள விட்டுட்டுப் போனான்னு சொல்ற.”

“ஏன், போகலையா?”

ஸவேலி நின்றான். ஓர் அடி முன்னால் வந்தான். ஷெலெஸ்தோவ் மேசைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான். ஸவேலி தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியேறினான்.

அன்று மாலை நான் அவன் வாடகை வீட்டுக்குப் போனேன். ஏணிக்குப் புதுப்படி அடித்துக்கொண்டிருந்தான்.

“நானேதான் அவள அங்க கொண்டுபோய் வச்சேன்,” என்றான். “அவனுக்குக் கூலிக்கு அழ வச்சிட்டேன்.”

“இருட்டினதும் போய் எடுத்துடு. யாருக்கும் தெரியாது.”

“திருடனா நான்? பகல்ல ஏறுவேன். எல்லாரும் இருக்கணும்.”

மாஸ்லெனித்ஸாவின் கடைசி நாள், மன்னிப்பு ஞாயிறு. மேட்டில் நிற்க இடமில்லை. மாகாணத்திலிருந்து பெரிய மனிதர்கள், இரண்டு தொலைக்காட்சிக் கேமரா. நடுவில் வைக்கோல் பொம்மை, பக்கத்தில் தாயிஸ்யாவின் பிளினிக் கல். ஷெலெஸ்தோவ் நரித்தோல் தொப்பியோடு தன் வீட்டுப் படியில் மைக்கைப் பிடித்து நின்றான். காற்று அவன் சொன்னபடி கேட்பதுபோல ஆற்றிலிருந்து வந்தது. வீடு அழுதது. நான் வாசித்தேன்.

“கேக்குதா அந்தத் தாயின் குரல்? மகனே, எங்கே போனாய் என்கிறாள்,” என்றான். முன்வரிசையில் ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள்.

“வழி விடுங்க. வழி, வழி.”

ஸவேலி தோளில் ஏணியோடு கூட்டத்துக்குள் வந்தான். விருந்தாளிகள் ஒதுங்கி அவனைப் படம் எடுத்தார்கள். முகப்பில் ஏணியைச் சாத்தினான். காவலாள் ஒருவன் ஓடிவந்தான். ஏணியின் அடியில் மற்ற இரண்டு தச்சர்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். காவலாள் யோசித்து நின்றுவிட்டான்.

ஸவேலி உச்சிக்கு ஏறி, கடப்பாரையால் முகப்புப் பலகையை நெம்பினான். அவனே செதுக்கிய பலகை. அது சுழன்று பனியில் குத்திட்டு விழுந்தது. கையை உள்ளே விட்டு ஒரு பாட்டிலை உருவினான். அழுகையின் உச்சக்குரல் நின்றது. பாட்டிலை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்துவிட்டுக் கீழே எறிந்தான். இரண்டாவதை எடுத்தான், இன்னொரு குரல் போனது. அடுத்ததோடு பெண் போனாள். அதற்கடுத்ததோடு பசு போனது. ஐந்தாவதையும் எடுத்தபின் வெறும் காற்று. நான் வாசிப்பதை நிறுத்தினேன்.

“இது பாட்டிலு,” என்று மேலிருந்து கத்தினான். “எங்கம்மா இல்ல. எங்கம்மா அழறவ இல்ல. அவ வீட்ல இருந்து அவளயே இவன் வெளிய தள்ளினப்பவும் அழல. நீங்க எல்லாம் சிரிச்சீங்க.”

விருந்தாளிகள் கைதட்டினார்கள். நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். ஒருவர் விசிலடித்தார்.

நாங்கள் ஷெலெஸ்தோவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் பனியில் கிடந்த பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் அவன் ஷாம்பேனின் தங்கத்தாள் இன்னும் ஒட்டியிருந்தது.

தாயிஸ்யாதான் முதலில் சிரித்தாள். “ஏங்க வதீம் போரிஸொவிச், இந்த அஞ்சு பாட்டிலுக்கா பாதிரியாரக் கூட்டிட்டு வந்தீங்க?”

ஊரே சிரித்தது. ஊஞ்சல்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பனியில் உட்கார்ந்துவிட்டான். “பொண்டாட்டிய ஓட்டினது புட்டியாய்யா!” என்று யாரோ கத்தினார்கள். சிரிக்கத் தெரியாத பாதிரியார்கூட தாடியைத் தடவிக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

ஷெலெஸ்தோவின் கழுத்து சிவந்தது. ஆனால் மைக் அவன் கையில் இருந்தது. அது இருக்கும்வரை அவனுக்கு வழி உண்டு.

“அன்பான விருந்தினர்களே! எங்கள் தச்சர்களின் பழைய வேடிக்கையைப் பார்த்தீர்கள். இனி, இன்றைய நாளின் புனிதமான வழக்கம்!”

ஏணியிலிருந்து இறங்கிய ஸவேலியின் முன்னால் போய் நின்றான். கேமராக்கள் பின்னாலேயே வந்தன. இடுப்பை வளைத்து, வலது கை பனியைத் தொடும்வரை குனிந்தான்.

“என்ன மன்னிச்சிரு, ஸவேலி.”

மன்னிப்பு ஞாயிறன்று யாரும் யாரிடமும் கேட்கலாம். காரணம் சொல்லவேண்டியதில்லை. தாய் குழந்தையிடம் கேட்பாள், பகையாளி பகையாளியிடம் கேட்பான். பதில் ஒன்றுதான்: ‘கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன்.’ பதில் வரும்வரை குனிந்தவன் நிமிரக்கூடாது. யாரும் யாரையும் காக்கவைத்து நான் பார்த்ததில்லை.

“எதுக்கு?” என்றான் ஸவேலி.

கேமராக்கள் நெருங்கின.

“எல்லாத்துக்கும்,” என்றான் ஷெலெஸ்தோவ் தரையைப் பார்த்தபடி.

“எல்லாத்துக்கும்னா?”

“டேய் ஸாவா, ஆளுங்க பாக்கறாங்கடா.” மெதுவாகத்தான் சொன்னான். இடது கையில் இருந்த மைக் அதையும் எடுத்துக்கொண்டது.

“பாக்கட்டும். எதுக்குன்னு சொல்லு. நானும் பதில் சொல்றேன்.”

“வீட்ட... வீட்டுக்காக.”

“அது வீடு. அவளுக்கு?”

மாகாணத்திலிருந்து வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கேமராக்காரன் பனியில் ஒரு முழங்காலை ஊன்றி முகத்தைப் பிடிக்கப் பார்த்தான். ஷெலெஸ்தோவின் தொப்பி நழுவி விழுந்தது. எடுக்க அவனால் முடியவில்லை. பின்மண்டை வழுக்கையில் காற்று அடித்தது.

ஸவேலி காத்திருந்தான். அவசரமில்லாமல் காத்திருந்தான். பிறகு கையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு அவனைச் சுற்றிக்கொண்டு நடந்து தாயிஸ்யாவின் கல்லுக்கு முன்னால் வந்து நின்றான். நாங்கள் வழி விட்டோம்.

அவள் ஒரு பிளினியை மடித்துத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். அவன் நின்றபடியே தின்றான்.

“பதில் சொல்லலையாடா?” என்றாள்.

“சொல்லுவேன்.”

“எப்ப?”

“அவன் சொல்லட்டும்.” தட்டை நீட்டினான். “இன்னொண்ணு போடு. வெண்ணெய் நெறைய வை, நாளைக்கு நோன்பு.”

அவள் மாவை ஊற்றினாள். அவனுக்குப் பின்னால் ஷெலெஸ்தோவ் இன்னும் குனிந்தே இருந்தான். மைக்கை யாரும் அணைக்கவில்லை. மேடு முழுக்க ஒலிபெருக்கிகளில் அவன் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது.